குற்ற வரைபடமும் குடிமக்களும்

காவல் நிலையச் சுவரில் தொங்கும் குற்ற வரைபடம் ஓர் எளிய கருவி. நிலைய எல்லைக்குட்பட்ட ஊர்களையும் தெருக்களையும் சாலைகளையும் வரைந்து, குற்றம் நடந்த இடந்தோறும் குறியிடுவதே அதன் முறை. களவு, வழிப்பறி, கொலை என ஒவ்வொன்றுக்கும் தனி நிறம் உண்டு. பதிவேட்டுப் பக்கங்களில் சிதறிக் கிடந்த செய்திகள் ஒரே தாளில் திரளும்போது, அதுவரை புலப்படாத ஒழுங்கு புலப்படுகிறது. குறிப்பிட்ட சாலையில் மாலை வேளையில் மட்டும் சங்கிலிப் பறிப்பு நிகழ்வதும், விடுமுறைக் காலத்தில் பூட்டிய வீடுகள் நிறைந்த தெருவில் களவு மிகுவதும் இவ்வாறே தெரியவருகின்றன. எங்கே, எப்போது ரோந்து செல்வது என முடிவெடுக்க இது பெருந்துணை.

இம்முறை ஏறத்தாழ 200 ஆண்டுப் பழமையுடையது. பிரெஞ்சு வழக்கறிஞர் ஆந்திரே மிஷேல் கெரி, புவியியலாளர் அத்ரியானோ பால்பியுடன் இணைந்து, குற்றத்தையும் கல்வியையும் ஒப்பிடும் வரைபடங்களை 1829 இல் வெளியிட்டார். கல்வி குறைந்த இடத்திலேயே குற்றம் மிகும் என அக்காலத்தவர் பலர் நம்பினர். வரைபடமோ, கல்வியில் முன்னின்ற வடபகுதியிலேயே உடைமை சார்ந்த குற்றங்கள் மிகுதி எனக் காட்டியது. முன்முடிவுகளைத் திருத்துவதே வரைபடத்தின் தலையாய பயன் என்பதற்கு இது சான்று. இன்று குண்டூசியின் இடத்தைக் கணினி பிடித்துக்கொண்டது. பயனும் இடரும் மாறவில்லை.

வரைபடத்தில் இடம்பெறுவன பதிவான புகார்கள் மட்டுமே. காவல் நிலையப் படியேற அஞ்சும் பெண்ணின் துயரும், அலைக்கழிக்கப்பட்டுத் திரும்பிய ஏழையின் இழப்பும் அதில் புள்ளியாவதில்லை. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என உச்ச நீதிமன்றம் 2013 இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. அது முழுமையாகப் பின்பற்றப்படும் இடத்தில்தான் வரைபடமும் மெய்யுரைக்கும். புள்ளிகளின் எண்ணிக்கை கொண்டே ஒரு நிலையத்தின் திறமையை அளந்தால், குற்றத்தைக் குறைப்பதைவிடப் பதிவைக் குறைப்பது எளிதாகிவிடும்.

மற்றோர் இடரும் உண்டு. புள்ளி மிகுந்த பகுதிக்குக் காவலர் அடிக்கடி செல்வர்; சோதனை பெருகும்; சிறு குற்றங்களும் அங்கே தவறாமல் பதிவாகும்; புள்ளிகள் மேலும் கூடும். இறுதியில் இடம் பற்றிய குறிப்பு, அங்கு வாழும் மக்கள் மீதான பழியாகிவிடும். இதன் கொடுமையை நம் மண் அறியும். 1871 இல் ஆங்கிலேயர் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911 இல் சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. பிறப்பையே குற்றமாக்கிய அச்சட்டத்தை 1920 இல் பெருங்காமநல்லூரில் எதிர்த்து நின்ற மக்கள் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியாயினர்.

ஆகவே, வரைபடம் வேண்டும். அதைப் படிக்கும் பார்வை செம்மைப்பட வேண்டும். ஒரு தெருவில் புள்ளிகள் திரண்டால், அங்கு வாழ்பவர் யார் என்று கேட்பதற்கு முன், விளக்கு எரிகிறதா, இரவில் பேருந்து வருகிறதா என்று கேட்க வேண்டும். அக்கேள்விகளுக்கு விடையளிக்கும் கடமை காவல்துறையோடு உள்ளாட்சிக்கும் மின்வாரியத்திற்கும் போக்குவரத்துத் துறைக்கும் உண்டு. பாதிக்கப்பட்டோரின் அடையாளம் காத்து, வரைபடத்தைக் கிராம சபையின் முன்னும் வைக்கலாம். தம் தெருவைப் பற்றிய உண்மையை அறியவும், அதில் விடுபட்டதைச் சுட்டிக்காட்டவும் அங்கு வாழும் மக்களுக்கே முதல் உரிமை உண்டு.