மின்மினியின் மொழி

அந்தி சாயும் வேளையில் மின்மினியின் சிறு விளக்கைக் கண்டு வியவாதார் யார்? அவ்வொளி வெறும் அழகன்று. துணையை அழைக்கும் மொழியாகும். வட அமெரிக்காவில் வாழும் ஃபோட்டினஸ் பைராலிஸ் என்னும் இனத்தின் ஆண், தாழப் பறந்தவாறு ஏறத்தாழ 6 விநாடிக்கு ஒருமுறை மின்னுகிறது. புல்லில் அமர்ந்திருக்கும் பெண், ஏறக்குறைய 2 விநாடி பொறுத்து மறுமொழியாய் மின்னுகிறது. அந்த இடைவெளியே இனத்தின் அடையாளம். அதனை நம்பியே ஆண் இறங்கி வருகிறது.

இந்நம்பிக்கையையே வலையாக்குகிறது ஃபோட்டூரிஸ் என்னும் வேறோர் இனத்துப் பெண். பிற இனப் பெண்ணைப்போல் மின்னிக் காட்டி, நாடி வரும் ஆணைப் பற்றித் தின்றுவிடுகிறது. அறிஞர் ஜேம்ஸ் லாயிட் 1965-இல் இதனை விளக்கி எழுதினார். இரையின் உடலிலுள்ள நச்சுப்பொருள், தின்ற பூச்சியைச் சிலந்திகளிடமிருந்து காக்கிறது என்பதை 1997-இல் தாமஸ் ஐஸ்னர் குழுவினர் மெய்ப்பித்தனர்.

இத்தகைய வஞ்சகத்தையும் தாங்கி மின்மினிகள் வாழ்ந்தே வருகின்றன. ஆயின், நாம் இரவெல்லாம் எரியவிடும் மின்விளக்குகளின் வெளிச்சத்தில் அழைப்பும் மறுமொழியும் ஒன்றையொன்று காணாமற் போகின்றன. இணை சேராத இனம் பெருகுவதெங்ஙனம்? நம் இல்லத்து வெளிப்புறத்தில் தேவையின்றி எரியும் விளக்கை இன்றிரவே அணைப்போமாக. அச்சிற்றுயிர்கள் உரையாட இருள் வேண்டும்.