மாடித் தோட்டமும் அடுப்படியும்

சிறுசேரியின் அடுக்ககங்களில் 'மாற்றம்' என்னும் சொல்லை நாம் பெருமையோடு உச்சரிக்கிறோம். மாடியில் கத்தரியும் வெண்டையும். பிள்ளைக்கு வீட்டிலேயே கல்வி. உலையில் மாப்பிள்ளைச் சம்பா. மூன்றும் நல்லவையே. அவற்றின் உழைப்பு யார் தலையில் விழுகிறது என்பதே நம் வினா.

இவ்வாழ்வுக்குத் தூண்டுதலாக நாம் சொல்லும் பெயர் நம்மாழ்வார். 1969இல் கோவில்பட்டி அரசு வேளாண் ஆய்வு நிலையப் பணியை அவர் துறந்தார். துறந்தது தம்முடைய பணியை. நாமறிந்த வீடுகளிலோ பணியை விடுபவர் பெரும்பாலும் மனைவியே. கணவர் வழக்கம்போல் சிப்காட் பூங்காவுக்குப் புறப்படுகிறார். மாலையில் திரும்பித் தளிர்களைப் படமெடுக்கிறார்.

பள்ளி செல்லாவிடினும் தேர்வுக்கு வழியுண்டே என்பர். உண்மைதான். தேசியத் திறந்தநிலைப் பள்ளி வாயிலாக, 14 வயது நிறைந்த பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வெழுதலாம். அவ்வயதுவரை நாள்தோறும் உடனிருந்து கற்பிப்பவர் யார்? 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலைப் பாடத்தின் நடுவில் வைத்தது. கையுழைப்பு அறிவை வளர்க்கும் என்றால், அந்தப் பாடம் பிள்ளைக்கு மட்டுந்தானா? தந்தைக்கு வேண்டாவா?

தீட்டாத அரிசியை முந்தைய இரவே ஊறவைக்க வேண்டும். கோடையில் மாடிச் செடிகளுக்கு இருவேளையும் நீர் வார்க்க வேண்டும். பாத்தியில் மண் கிளற வேண்டும், பாத்திரம் துலக்க வேண்டும். இவற்றைத் தந்தை செய்யட்டும். மகன் பார்த்துக் கற்கட்டும். அதைவிடச் சிறந்த வீட்டுக்கல்வி ஏது?

ஒருவர் விதைத்து, கற்பித்து, சமைக்க, மற்றவர் உண்டு பாராட்டும் வீட்டில் அரிசியைத் தவிர வேறெதுவும் மாறிவிடவில்லை.