மடங்குவது வேறு, முறிவது வேறு

மடக்குச் சைக்கிளைப் பற்றி ஓர் அபிப்பிராயம் வெகு காலமாக நிலவிவருகிறது. நடுவில் கீல் வைத்த வண்டி என்றைக்கேனும் அந்தக் கீலிலேதான் முறியும் என்பதும், ஏறுகிறவர் சற்று ஸ்தூல சரீரம் படைத்தவராக இருந்துவிட்டால் அந்த நாள் வெகு சீக்கிரத்தில் வந்துவிடும் என்பதும் அதன் சாரம். 90 கிலோவைத் தாண்டிய என்னைக் கண்ட மாத்திரத்தில் ஒரு கடைக்காரர், நான் விலை கேட்பதற்கு முன்பே, “சார், உங்க உடம்புக்கு இது தாங்காது, நடுவுல ரெண்டா மடிஞ்சுடும்” என்று அன்போடு எச்சரித்தார். அந்த வண்டி எந்த உலோகத்தால் ஆனது, எத்தனை கிலோவுக்கென்று செய்யப்பட்டது என்பதை அவர் பார்க்கவுமில்லை. பார்க்க வேண்டிய விஷயம் அது என்று அவருக்குத் தோன்றவுமில்லை. மடங்குகிறது; ஆகையால் பலவீனமானது. அத்துடன் வழக்கு முடிந்தது.

இந்தத் தீர்ப்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தால், நம் வீட்டுத் திண்ணையிலிருந்த கான்வாஸ் சாய்வு நாற்காலியிலிருந்தும், கலியாண மண்டபத்து மடக்கு நாற்காலியிலிருந்தும் வந்தது என்றே எனக்குப் படுகிறது. அவை நம் காலை வாரியது உண்மைதான். ஆனால் நாற்காலி செய்த குற்றத்துக்குச் சைக்கிளைத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்?

கீலின் தர்மத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். வீட்டுக் கதவு பக்கவாட்டில்தான் திறக்கிறது. குழந்தைகள் அதன்மேல் ஏறி ஊஞ்சலாடினாலும், அவர்களுடைய பாரம் கீழ்நோக்கி இழுக்கிறதே தவிர, கதவைத் திறப்பதில்லை. நடுச்சட்டத்தில் மடங்கும் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றின் கீலும் அவ்வாறே செங்குத்தான ஆணியைப் பற்றிப் பக்கவாட்டில் திரும்புவது. சவாரி செய்பவருடைய பாரமோ செங்குத்தாகக் கீழே இறங்குவது. வண்டி மடங்கும் திசை வேறு, பாரம் அழுத்தும் திசை வேறு என்ற இந்த ஒரு செய்தியைக் கவனித்தாலே, “நடுவில் மடிந்துவிடும்” என்ற பயத்தில் பாதி கரைந்துவிடும்.

மீதிப் பாதிக்கும் விடை உண்டு. வண்டியை விரித்துப் பூட்டியபின், பாரம் ஆணியை மட்டும் நம்பி நிற்பதில்லை. முகத்தோடு முகம் பொருந்திய இரண்டு கனமான உலோகத் தட்டுகளைப் பிடிப்பு ஒன்று இறுக்கி அணைத்திருக்க, மேல் விளிம்பைச் சவாரியின் பாரமே மேலும் நெருக்க, கீழ் விளிம்பு பிரியாதபடி அந்தப் பிடிப்பு தடுக்க, இரண்டு துண்டுகளும் ஒரே துண்டைப்போல வேலை செய்கின்றன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரு முனையிலும் தாங்கப்பட்ட ஒரு சட்டத்தில் மிகுதியான வளைவு ஏற்படுவது பாரம் இறங்கும் இடத்தில். சைக்கிளில் அது ஆசனமும் பெடலும் உள்ள பகுதி. பெரும்பாலான வடிவங்களில் கீல் அதற்கு முன்னே, வளைவு குறைந்த இடத்தில்தான் இருக்கிறது. ஜனங்கள் எந்த இடத்தைப் பார்த்து நடுங்குகிறார்களோ, அது வண்டியின் மிகப் பலவீனமான இடமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

சரித்திரமும் இந்தப் பயத்துக்குச் சாதகமாக இல்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டனின் பி.எஸ்.ஏ. நிறுவனம் பாராசூட் படையினருக்காக இரண்டு இடங்களில் கீல் வைத்த சைக்கிள்களைப் பல்லாயிரக்கணக்கில் செய்து கொடுத்தது. 1944 ஜூனில் நார்மண்டிக் கரையில் இறங்கிய துருப்புகளிடமும் அவை இருந்தன. முதுகில் மூட்டையும் தோளில் துப்பாக்கியுமாக ஏறிய அந்தச் சிப்பாய்களை மெலிந்த சவாரிக்காரர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. 1970-களின் நடுவில், லண்டனில் பிராம்ப்டன் மாதா கோயில் தெரியும் தம் குடியிருப்பில் அமர்ந்து ஆண்ட்ரூ ரிட்சி என்ற பொறியியலாளர் வகுத்த வண்டி, அந்தக் கோயிலின் பெயரையே தாங்கி, எஃகுக் குழாய்களைப் பித்தளை உருக்கிப் பற்றவைக்கும் பழைய முறையில் இன்றும் அந்நகரிலேயே உருவாகிவருகிறது. பல பத்தாண்டுகளாக மக்களை அலுவலகத்துக்கும் ரயிலடிக்கும் சுமந்து வந்திருக்கும் அந்த வண்டி, “முறியும், முறியும்” என்ற ஆரூடத்துக்கு ஒரு நடமாடும் மறுப்பு.

ஆயினும் உலோகத்துக்கும் ஆயுள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. 1842-ல் வெர்சேய்ல்ஸிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலின் இஞ்சின் அச்சு முறிந்து பலர் மாண்டபோது, பலமாயிருந்த இரும்பு திடீரென்று ஏன் முறிந்தது என்ற கேள்வி ஐரோப்பாவை வாட்டியது. பின்னர் ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்பவர் அச்சுகளை ஆயிரமாயிரம் முறை சுழற்றிப் பரீட்சித்து, ஒரே பெரிய பாரத்தைவிட, திரும்பத் திரும்ப வரும் சிறிய பாரமே உலோகத்தைக் களைக்கச் செய்து கொல்கிறது என்று நிலைநாட்டினார். எஃகு, ஒரு வரம்புக்குட்பட்ட பாரமாயின், எத்தனை முறை வந்தாலும் ஏறக்குறையச் சலியாமல் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படிப்பட்ட வரம்பு கிடையாது. ஆகவே அதைப் பருத்த குழாயாகச் செய்து ஈடுகட்டுகிறார்கள். சுவரின் தடிப்பு மாறாமல் குழாயின் விட்டம் மட்டும் இருமடங்கானால், வளைவைத் தாங்கும் பலம் நான்கு மடங்கும், விறைப்பு எட்டு மடங்கும் ஆகும். உலோகத்தின் இந்தக் களைப்பைக் கணக்கில் கொண்டே, நகரச் சைக்கிள்களுக்கான சர்வதேசப் பரீட்சையில், பெடல்களின்மேல் 1000 நியூட்டன், அதாவது 102 கிலோ மனிதர் தம் முழுப் பாரத்தையும் ஊன்றி மிதிப்பதற்குச் சமமான விசையை, 100000 சுற்றுகள் செலுத்திச் சட்டத்தைச் சோதிக்கிறார்கள். உட்கார்ந்து மிதித்துச் செல்லும் சாதாரண மனிதர் அவ்வளவு விசையைச் செலுத்துவது அபூர்வம்.

எண்களையும் நேராகப் பார்ப்போம். பிராம்ப்டன் வண்டிக்கு ஆளும் சுமையும் சேர்த்து 110 கிலோ வரம்பு. மடக்குச் சைக்கிள் செய்யும் டேஹான் நிறுவனத்தின் பல மாதிரிகளுக்கு 105 கிலோ. மடங்காத பந்தய வண்டிகளிலும் 125 கிலோவை வரம்பாக, அதிலும் வண்டியின் எடையைச் சேர்த்து, விதித்தவை உண்டு; வண்டியின் எடையைக் கழித்துவிட்டால் அவற்றுக்கும் பிராம்ப்டனுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சில கிலோதான். இந்தச் சொற்ப வித்தியாசத்தின்மேலா இவ்வளவு பெரிய பயத்தை எழுப்பியிருக்கிறோம்?

இந்தப் பயத்தின்மேல் எனக்குள்ள பெரிய ஆட்சேபம் அது பொய் என்பதன்று. அது நம் கண்ணைத் தவறான இடத்தில் நிறுத்திவிடுகிறது என்பதே. நடுக்கீலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவர், கைப்பிடியைத் தாங்கும் நெடிய தண்டின் அடியிலுள்ள சிறு கீலைப் பார்ப்பதில்லை. அது கைவிட்டால் ஆள் முன்னால் குப்புற விழுவார். ஆசனத் தண்டு குழாய்க்குள் இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவைக் காட்டும் கோடு வெளியே தெரியும்படி தண்டை உயர்த்தி வைத்துக்கொண்டு சவாரி செய்வார். மலிவு வண்டியின் மெல்லிய அலுமினியச் சட்டத்தில், கீலை விட்டுவிட்டு, அதை ஒட்டிய பற்றவைப்பின் ஓரத்தில் மயிரிழை போலத் தொடங்கும் விரிசல் அவர் கண்ணில் படாது. பின் சக்கரத்துக் கம்பிகள் ஒவ்வொன்றாகத் தளர்வதையும் அவர் அறியார். வண்டி பிறகு எங்கே கெட்டாலும், “அன்றே சொன்னேனே, மடக்கு வண்டி!” என்பார்.

ஆகவே என்னைப்போல் உடம்பு கனத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைக்காரருடைய பரிகாசத்தைக் கேட்டுத் திரும்பாதீர்கள். எத்தனை கிலோவுக்குச் செய்த வண்டி, அந்தக் கணக்கில் பையும் சேர்த்தியா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். வரம்பு உங்கள் எடைக்குக் கீழே இருந்தால் அந்த வண்டியை ஆசையோடு பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். வாங்கினால், பிடிப்பின் நெம்புகோலை உள்ளங்கை கொடுத்து அழுத்திப் பூட்டுங்கள். விரல் நுனியால் பூட்ட முடிகிறதென்றால் இறுக்கம் போதாது என்று பொருள். மாதம் ஒருமுறை பற்றவைப்புகளைத் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். கதவின் கீல் தளர்ந்தால் நாம் திருகை இறுக்குகிறோமேயன்றி, கதவே இல்லாமல் வீடு கட்டுவதில்லை.