“ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை!”

வயிற்றைப் பிடித்துக்கொண்டு யாராவது உட்கார்ந்தால் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு இதுதான். அடுத்த நிமிஷம் அடுப்பில் ஓமத் தண்ணீர் ஏறிவிடும். பெரும்பாலும் அதோடு சரியாகியும் விடும். ஆனால் எல்லா வயிற்று வலியும் ஓமத் தண்ணீருக்கு அடங்குகிற வலி அல்ல, சகோதரிகளே!

சேலம் அம்மாபேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். கொழுந்தனார் கல்யாண விருந்து முடிந்த இரவு, மூத்த மருமகளுக்கு மேல் வயிற்றில் வலி. இரண்டு மூன்று தடவை வாந்தி. “எல்லாரையும் கவனித்துவிட்டு நேரம் கெட்ட நேரத்தில் சாப்பிட்டாயே கண்ணு, அதுதான்!” என்று மாமியார் சுக்குக் கஷாயம் கொடுத்தார். வீடு நிறைய விருந்தாளிகள். தன் வலியைப் பெரிதுபடுத்தக் கூச்சப்பட்டு, படுக்கவும் முடியாமல், முழங்காலைக் கட்டிக் குனிந்தபடியே விடிய விடிய உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண்.

காலையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “அதே பந்தியில் சாப்பிட்ட வேறு யாருக்காவது வாந்தி பேதி உண்டா?”

ஒருவருக்கும் இல்லை. அவளுக்கும் வாந்திதான்; பேதி இல்லை. இரத்தத்தைச் சோதித்ததில் விஷயம் வெளிப்பட்டது. அது கணைய அழற்சி. பித்தப்பையிலிருந்து இறங்கிய சிறு கல் ஒன்று வழியை அடைத்துக்கொண்டிருந்தது. நல்ல வேளை, பிழைத்துக்கொண்டாள்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னே குறுக்காகப் படுத்திருக்கும் உறுப்பு. சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினும், உணவைச் செரிக்க வைக்கும் நீரும் அங்கேதான் சுரக்கின்றன. அந்த நீர் குடலுக்குப் போன பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். போகும் வழியில் தடை ஏற்பட்டால், உள்ளேயே வேலையைத் தொடங்கிக் கணையத்தையே அரிக்க ஆரம்பித்துவிடும். பித்தக் கல்லும் மதுவும் இதற்கு முக்கியக் காரணங்கள். இரத்தத்தில் கொழுப்பு மிக அதிகமானாலும் வரலாம். பித்தக் கல் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது?

குடல் அழற்சியில் வலி முறுக்கி முறுக்கி வரும். விட்டு விட்டு வரும். தண்ணீராகப் பேதியாகும், போய் வந்தால் சற்றுச் சுகமாயிருக்கும். வீட்டில் இன்னொருவருக்கும் அதே தொல்லை இருக்கலாம். சில நாட்களில் தணிந்துவிடும்.

கணைய வலியோ மேல் வயிற்றில் பிடித்து, விடாமல் நிற்கும். பல பேருக்கு முதுகுவரை ஊடுருவும். மல்லாந்து படுத்தால் அதிகமாகும். முன்னால் குனிந்தால் கொஞ்சம் தேவலை. வாந்தி எடுத்தாலும் வலி குறையாது. அநேகமாகப் பேதி இருக்காது.

இவை சந்தேகப்படுவதற்கான அடையாளங்கள்தான். முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர். லைபேஸ், அமைலேஸ் என்ற பொருள்கள் இரத்தத்தில் மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பார், ஸ்கேனும் எடுப்பார். மாரடைப்புகூடச் சில சமயம் மேல் வயிற்று வலியாக வேஷம் போடும். ஆகவே மருந்துக் கடையில் ‘கேஸ்’ மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு பொழுதைக் கழிக்காதீர்கள்.

வாந்தி பேதிதான் என்றால், உடம்பிலிருந்து போகும் நீரையும் உப்பையும் ஈடு செய்வதே முதல் சிகிச்சை. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இதைவிட நல்லது. 1971-ல் வங்காள அகதி முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகாலனாபிஸ் இத்தகைய கரைசலைக் கொண்டே எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றினார். மலத்தில் இரத்தம், சிறுநீர் வராமை, குழந்தைக்குக் கண் குழிந்து சோர்வு — இவை கண்டால் தாமதம் கூடாது.

“குச்சிக் கிழங்கு சாப்பிட்டால் கணையம் கெடும் என்கிறார்களே, நிஜமா?” என்று நம் பக்கத்துச் சகோதரிகள் கேட்பதுண்டு. 1943 முதல் ஜவ்வரிசி செய்து வரும் சேலத்தில் இந்தக் கேள்வி எழுவது நியாயமே. கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ், இளம் வயதிலேயே கணையத்தில் கல் விழுந்து நீரிழிவும் கண்ட பலரை ஆராய்ந்து 1968-ல் புத்தகமே எழுதினார். அங்கே மரவள்ளி அன்றாட உணவானதால் அதன்மேல் சந்தேகம் விழுந்தது. ஆனால் கிழங்கையே உண்ணாதவர்களிடமும் அந்த வியாதி காணப்பட்டது. பின்னாளில் பரம்பரைக் கூறுகளும் தெரிய வந்தன. கிழங்கின்மேல் குற்றம் நிரூபணமாகவில்லை. என்றாலும் அதில் இயற்கையாகவே விஷச் சத்து உண்டு. தோலை நன்றாகச் சீவி, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். குழந்தைக்கு அடிக்கடி மேல் வயிற்று வலி வந்து, உடம்பும் இளைத்து, மலம் எண்ணெய்ப் பசையாகப் போனால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. குழந்தைக்கு வலி என்றால் நடு இரவில் ஓடுகிறோம். கணவருக்கு என்றால் பதறுகிறோம். நமக்கு வந்தால் மட்டும், “விடியட்டும், பார்க்கலாம்” என்கிறோம். விடாத வலி விடியும்வரை காத்திருக்காது, சகோதரி! பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள்; 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.