மேடையேறும் வழிகாட்டிகளே, நிறுத்துங்கள்

கல்முனைப் பிரதான வீதியில் மின்கம்பத்துக்கு மின்கம்பம் கணினி வகுப்பு விளம்பரம். எல்லாம் கோடிங். சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்தில் கணிதம் படித்த பிள்ளை, கோடிங் தனக்குச் சரிவராது என்று வாய்திறந்தால் போதும். "அப்ப ஐடி உனக்கில்ல, டீச்சிங் கிடைக்கும்வரைக்கும் பொறு" என்கிறார் வாப்பா. அவரை மன்னிக்கலாம். தொழில் வழிகாட்டி என்று மேடையேறுகிறவர்களும் அதையே சொல்வதை மன்னிக்க முடியாது.

2009இல் இலண்டன் பங்குச் சந்தை விலைகொடுத்து வாங்கிய மிலேனியம் ஐடி நம் இலங்கையில் உருவான நிறுவனம். 2011இல் அந்தச் சந்தையின் பங்கு வர்த்தகமே அதன் மென்பொருளுக்கு மாறியது. அப்படியொரு மென்பொருளுக்குக் கோடு எழுதுகிறவர் மட்டும் போதுமா? கணக்குப் பிசகாமல் வருகிறதா என்று சோதிக்கும் கியூ.ஏ., வாடிக்கையாளர் கேட்பதைத் தெளிவாக எழுதிக்கொடுக்கும் பிசினஸ் அனலிஸ்ட், தரவைப் படித்துச் சொல்கிறவர் எல்லாரும் வேண்டும்.

உதாரணத்துக்கு, இஸ்லாமிய முறைப்படி வாரிசுப் பங்கு பிரிக்கும் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிள்ளையில்லாத பெண் மௌத்தாகிறார். இருப்பது கணவரும் கூடப்பிறந்த சகோதரிகள் இருவரும்தான். கணவருக்கு 1/2, சகோதரிகளுக்கு 2/3. கூட்டினால் 7/6. சொத்தைவிடப் பங்கு பெரிது! செயலி தடங்கலின்றி ஓடும், விடைதான் பிழை. 'அவ்ல்' முறைப்படி சொத்தை ஏழாக்கி, கணவருக்கு மூன்றும் சகோதரிகளுக்கு நான்கும் தர வேண்டும். இந்த இடத்தில்தான் இடறும் என்று முன்கூட்டியே மணம்பிடிப்பது கணிதம் படித்த மூளை. தன் அல்ஜீப்ரா நூலில் ஏறக்குறையப் பாதியை வாரிசுப் பங்கீட்டுக் கணக்குக்கு ஒதுக்கியவர் அல் குவாரிஸ்மி. 'அல்கோரிதம்' என்ற சொல்லே அவர் பெயரிலிருந்து வந்தது. அவரைச் சொல்லி மேடையில் பெருமையடிக்கிறோம், அவர் பாடத்தைப் படித்த பிள்ளையை வீட்டில் குந்தவைக்கிறோம்.

கியூ.ஏ., தரவு வேலைகள் சும்மா கிடைப்பவை அல்ல. எக்செல் கைவர வேண்டும், எஸ்.கியூ.எல். ஓரளவு தெரிய வேண்டும், ஆங்கிலத்தில் பிழையறிக்கை எழுத வேண்டும். இறுதியாண்டில் ஆறு மாதம் பழகினால் வராதா?

ஆகவே, கோடிங்தான் ஐடி என்ற விளம்பரங்களை வகுப்புக்காரர்கள் கழற்றட்டும். கணித மாணவருக்குச் சோதனைப் பிரிவிலும் தரவுப் பிரிவிலும் பயிற்சியிடம் தேடிக்கொடுப்பதைப் பல்கலைக்கழகங்கள் கடமையாக ஏற்கட்டும். வழிகாட்டிகளே, உங்கள் அடுத்த கருத்தரங்குக்கு, தொழிலில் இருக்கும் கியூ.ஏ. ஒருவரைக் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் அழையுங்கள். பொன்னாடையில் இரண்டைக் குறைத்தால் அவருடைய பஸ் காசு வந்துவிடும்.