அசோகமும் நெட்டிலிங்கமும்

வீதியோரங்களிலும் கல்லூரி முகப்புகளிலும் விளக்குக் கம்பம்போல் ஓங்கி நிற்கும் நெட்டிலிங்க மரத்தைக் காட்டி, இதுதான் இராமாயணத்து அசோகம் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. நெட்டிலிங்கம் சீதாப்பழத்தின் இனத்தைச் சேர்ந்த அழகிய மரம். அதன்மேல் நமக்கு விரோதமில்லை. ஆனால் அது அசோகமன்று.

உண்மையான அசோகம், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகளில், பெருமரங்களின் நிழலை அண்டி, ஈரம் வற்றாத மண்ணில் நிதானமாக வளரும் விருட்சம். புளிக்கும் கொன்றைக்கும் உறவு. அதன் இளந்தளிர்கள் செம்பு நிறத்தோடு துவண்டு தொங்கும். மாசி பங்குனியில் கிளைகளில் மட்டுமன்றி முதிர்ந்த அடிமரத்திலும் கொத்துக் கொத்தாகப் பூக்கும். ஒரு பூவைக் கையிலெடுத்துப் பார்த்தால் அதற்கு இதழே இல்லை என்பது புலப்படும். நாம் இதழென்று மயங்குவது நான்காகப் பிரிந்த புல்லிவட்டமே. அது மஞ்சளாக விரிந்து நாளடைவில் சிவப்பதால், ஒரே கொத்தில் இரு வர்ணங்களையும் காணலாம்.

இந்த மலரைத்தான் மன்மதனுடைய பஞ்ச பாணங்களில் ஒன்றாக வைத்தார்கள். ஊஞ்சலிலிருந்து விழுந்து காலில் அடிபட்ட தாரிணி தேவிக்குப் பதிலாக, மாளவிகை தன் பாதத்தால் தீண்டிப் பூக்கச் செய்யும் மரமாகக் காளிதாசன் நாடகமேடைக்குக் கொண்டுவந்ததும் இதையே. சமணர்க்கோ இது அருகப்பெருமான் அமரும் மரம். நன்னூலின் கடவுள் வணக்கம் அசோகின் நிழலிலிருந்தே தொடங்குகிறது. வங்கநாட்டுத் தாய்மார் சைத்ர மாதத்து வளர்பிறை ஷஷ்டியில், பிள்ளைகளின் க்ஷேமத்துக்காக இதன் மொட்டுக்களை உட்கொண்டு விரதம் காக்கிறார்கள். (வால்மீகி முனிவர் பிராட்டியை அமர்த்தியது அசோகவனத்திலேயே என்றாலும், சிம்சுபா மரத்தடியில் என்பதையும் வாசகர்கள் நினைவிற்கொள்வது நல்லது.)

ஆயுர்வேதத்தில் இம்மரத்தின் பட்டைக்கு உள்ள ஸ்தானம் தனி. பெண்களை வருத்தும் பெரும்பாட்டுக்கு வைத்தியர்கள் கொடுக்கும் அசோகாரிஷ்டத்தின் செய்முறை, கோவிந்ததாசர் இயற்றிய பைஷஜ்ய ரத்னாவளியில் இருக்கிறது: 100 பலம் பட்டையைக் கஷாயமாக்கி, நான்கில் ஒரு பங்காக வற்றவைத்து, 200 பலம் வெல்லமும் 16 பலம் காட்டாத்திப்பூவும் மற்றச் சரக்குகளும் சேர்த்து, மூடிப் புளிக்கவைக்க வேண்டும். 100 பலம் என்பது இன்றைய கணக்கில் ஏறக்குறைய 5 கிலோ. இலையோ காயோ அன்று, பட்டையே மருந்தாவதால், மரத்தின் உயிரிலேயே கை வைக்க வேண்டியிருக்கிறது. அடிமரத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் நெடுக்காகக் கீற்றெடுத்து, மறுபக்கத்தை விட்டுவைத்தால் மரம் பிழைக்கும். சுற்றிலும் உரித்தால் பட்டுப்போகும். அவசரக்காரர்கள் சுற்றிலும் உரித்தார்கள். காடுகளும் குறுகின. 1998இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அசோகத்தை அழிவபாயத்துக்கு இலக்கான இனங்களின் வரிசையில் சேர்த்தது.

அசல் அரிதாகவே, அசோகப் பட்டை என்ற பெயரில் நெட்டிலிங்கப் பட்டை சந்தைக்கு வரலாயிற்று. ஆய்வாளர் பலர் இதைச் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். வீதியில் நேரும் பெயர்மாற்றம் வெறும் அறியாமை. மருந்துக் குப்பிக்குள் நேர்ந்தால், பணம் கொடுத்து வாங்கி நம்பிக்கையோடு குடிக்கும் நோயாளிக்கு இழைக்கும் துரோகம். புராணத்தைப் போற்றுகிற நாம் அந்தப் புராணத்தின் மரத்தை நேரில் கண்டால் அடையாளம் தெரியாதவர்களாக இருப்பதே இத்துரோகத்துக்கு வசதியாக இருக்கிறது என்பது எம் அபிப்பிராயம்.

நந்தவனமுள்ள கோயில்களின் அறங்காவலர்களையும், கிணறும் நிழலும் உள்ள பள்ளிகளின் ஆசிரியர்களையும் இவ்விதழின் மூலம் வேண்டிக்கொள்கிறோம்: அசோகம் நடுங்கள். விதையைச் சேமித்து வைத்தால் முளைப்புத்திறன் விரைவில் போய்விடும். ஆகையால் காய் முற்றி விதை உதிர்ந்தவுடனே ஊன்றிவிடுங்கள். கன்று தலையெடுக்கும்வரை வெயில் தாக்காமல் காத்து, கோடையில் தவறாமல் தண்ணீர் விடுங்கள்.