பாம்புக் கடியும் தலையெழுத்தும்

பாம்பு கடித்து ஒருவன் செத்தால் நம் ஜனங்கள் “அவன் விதி முடிந்தது” என்கிறார்கள். மந்திரிக்கிறவனோ “நேரங் கழித்துக் கொண்டு வந்தீர்கள்” என்று தப்பித்துக் கொள்ளுகிறான். கடிபட்டவன் பிழைத்து விட்டாலோ பெருமை முழுவதும் மந்திரத்திற்கே! கடிக்கிற பாம்புகளில் அநேகம் விஷமில்லாதவை என்பதையும், விஷப் பாம்புங்கூடச் சில சமயம் விஷத்தை இறக்காமலே கடித்துவிடும் என்பதையும் அவன் வாய்திறந்து சொல்லுவதில்லை.

இந்த விதி யாரைத் தேடி வருகிறது என்று பாருங்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், அதாவது வருஷத்திற்கு 58,000 பேர், என்று 2020-ல் வெளியான ஆராய்ச்சி மதிப்பிட்டிருக்கிறது. 2011-ல் வெளியான இன்னொரு கணக்கின்படி இப்படிச் சாகிறவர்களில் 100-க்கு 97 பேர் கிராமத்தார். செருப்பில்லாமல் வயலில் இறங்குகிறவனும், வெறுந்தரையில் படுத்துறங்குகிறவனுந்தான் சாகிறான். மாடி வீட்டில் கட்டில் போட்டுப் படுப்பவனிடம் போக மட்டும் விதிக்கு வழி தெரியவில்லையா?

எந்த நோயை எந்த நாட்டார் எவ்வளவு ஆராய்கிறார்கள் என்று கணக்கெடுத்துப் படம் போடும் வேலை இப்போது உலகத்தில் நடக்கிறது. அந்தப் படத்தையும் சாவுப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நியாயம் விளங்கும். ஏழை சாகும் நோய்க்கு ஆராய்ச்சியும் கொஞ்சம், பணமும் கொஞ்சம். உலக சுகாதார ஸ்தாபனமே 2017-ல்தான் கவனிப்பாரற்ற நோய்களின் வரிசையில் பாம்புக் கடிக்கு முதன்மையான இடங் கொடுத்தது. ஆனால் விஷமுறிவு மருந்தைப் பிரெஞ்சு வைத்தியர் கால்மெட் 1895-லேயே கண்டுபிடித்து விட்டார்!

ஒரு நாட்டு மருந்து மறு நாட்டுப் பாம்பிற்குக் கேட்காது என்பதைப் பிரேஸில் தேசத்து வைத்தியர் வைட்டல் பிரேஸில் அக்காலத்திலேயே காட்டினார். உடனே அந்நாட்டார் தங்கள் பாம்பைத் தாங்களே ஆராய்ந்தார்கள். நம் நாட்டிலோ, விஷமுறிவு மருந்திற்கு வேண்டிய விஷம் பெரும்பாலும் செங்கற்பட்டு ஜில்லா வடநெம்மேலியில், இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பிடிக்கும் பாம்பிலிருந்தே வருகிறது. ஒரே இனப் பாம்பின் விஷமுங்கூட ஊருக்கு ஊர் வேறுபடுகிறதென்று பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் சோதித்துச் சொல்லுகிறார்கள். அப்படியானால் தர்மபுரி ஜில்லா விரியனின் விஷத்தையும் எடுத்துச் சோதிக்க வேண்டாமா?

2024-ல் பென்னாகரம் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றில் பாம்பு கடித்த ஒரு சிறுமியை, ரோடில்லாத காரணத்தால் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். அவள் வழியிலேயே செத்தாள். இதையுமா பிரமன் எழுதினான்? ரோடு போடாதவன் எழுதியதல்லவா இது?

அதே வருஷம் நவம்பரில் தமிழ்நாட்டுச் சர்க்கார், பாம்புக் கடியை அறிவித்தே தீரவேண்டிய நோயென்று, 1939-ம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் உத்தரவிட்டார்கள். இதை வரவேற்கிறோம். எண்ணப்படாத சாவுக்கு எவனும் பதில் சொல்ல மாட்டான். ஆகையால் தோழர்களே, உங்கள் ஊரில் யாருக்குக் கடித்தாலும் கடிவாயை அறுக்காமல், கயிற்றால் இறுகக் கட்டாமல், மந்திரிக்கிறவன் வீட்டில் ஒரு நிமிஷமும் வீணாக்காமல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். அங்கே பெயரைப் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். பதிவாகும் ஒவ்வொரு பெயரும் ரோட்டையும் மருந்தையும் ஆராய்ச்சியையும் கேட்கும் ஒரு மனுவாகும். புற்றுக்கு வார்க்கும் பால் எந்தக் காலத்திலும் அதைக் கேட்கப் போவதில்லை.